ஒரே அணையா, நூறு கண்மாயா? – வலை வழங்கிகளின் கிட்டங்கி வரலாறு



இது கொஞ்சம் நீளமான பதிவு. பொட்டி தட்டுறவங்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். தட்டாதவங்களுக்கும் புரியணும்னுதான் எங்க ஊர்க் கண்மாயை எல்லாம் இழுத்துட்டு வந்திருக்கேன். ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு வலைத்தளம், அதுக்கு ஒரே ஒரு சர்வர். கூட்டம் சேரச் சேர அது திணறுது. ரெண்டாவதா ஒரு சர்வர் வாங்குறாங்க. ரெண்டுக்கும் முன்னாடி லோட் பேலன்சர்னு ஒண்ணை நிறுத்துறாங்க. அது கல்யாண மண்டபத்துல பந்தி வாசல்ல நிக்கிற பெரியப்பா மாதிரி. வர்றவங்கள்ல ஒருத்தரை இந்த வரிசைக்கு, அடுத்தவரை அந்த வரிசைக்குன்னு பிரிச்சு அனுப்பும். தளம் வேகமாயிடும். எல்லாருக்கும் சந்தோஷம்.

சாயந்திரமே முதல் புகார் வரும். "படம் ஏத்தினேன், தெரிஞ்சுது. திரும்பத் திறந்தா காணோம். இன்னொரு தடவை திறந்தா இருக்கு!" பேயும் இல்லை, பிசாசும் இல்லை. படம் போய் உக்காந்தது முதல் சர்வரோட வட்டுல. அப்படி ஒரு படம் இருக்குறதே ரெண்டாவது சர்வருக்குத் தெரியாது.

ரெண்டு கடை போட்டா ரெண்டுக்கும் பொதுவா ஒரு கிட்டங்கி வேணும். கணினி உலகத்துல அந்தக் கிட்டங்கிக்குப் பேரு பரவல் கோப்பு முறைமை. எந்தக் கிட்டங்கியைத் தேர்ந்தெடுக்குறதுங்கிறதுக்கு நாப்பது வருஷ வரலாறு இருக்கு. அந்த வரலாறு முழுக்க மூணே மூணு கேள்விக்குத்தான் விடை தேடியிருக்காங்கன்னு எனக்குத் தோணுது.

ஒண்ணு: பொருள் எங்க இருக்குன்னு யார் சொல்றது?
ரெண்டு: ரெண்டு பேர் வேற வேற கணக்கு சொன்னா யாரை நம்புறது?
மூணு: இதை நாளைக்கு யார் தூர் வாருவாங்க?

முதல் ரெண்டு கேள்விக்குப் புத்தகம் புத்தகமா விடை இருக்கு. மூணாவதைத் தேர்வு பண்ற நேரத்துல பெரும்பாலும் யாரும் கேக்குறதில்லை. ஆனா பல கிட்டங்கிகள் மூடினது அதனாலதான்.

எங்க ஊர்க் கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். கரிசல் மண்ணும் செம்மண்ணும் மாறி மாறி வர்ற வானம் பாத்த பூமி. வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. திருச்சுழியை ஒட்டிப் போற குண்டாறு மேற்கு மலைச்சரிவுல பிறந்து, திருமங்கலம், திருச்சுழி, கமுதின்னு வந்து மன்னார் வளைகுடாவுல சேருது. மழைக்காலம் போக மத்த நாள்ல அதுல மணலும் சீமைக்கருவேலமும்தான். மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான். அதுலயும் சில நாள்ல கொட்டித் தீர்த்துட்டுப் போயிடும். நம்ம பாஷையில சொன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற டிராஃபிக் வெள்ளம்.

இந்த வெள்ளத்தை ஒரே இடத்துல பிடிச்சு வைக்க இங்க ஆழமான பள்ளத்தாக்கு கிடையாது, நிலம் தட்டை. அதனால பழைய ஆளுங்க பிடிச்ச வழி கண்மாய்ச் சங்கிலி. மேல் கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாஞ்சு, கீழ்க் கண்மாய்க்கு வரத்துக்காலா போகும். அது நிறைஞ்சா அதுக்குக் கீழ. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கண்மாய், ஒரு கரை, சில மடை. எந்த மடையை எப்பத் திறக்கணும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம்னு பாக்க நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆள்.

இதுல நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. ஒரு கண்மாய் தூர்ந்து போனா அந்த ஊர்தான் கஷ்டப்படும், மொத்த வட்டாரமும் படுத்துடாது. ஆனா மேல் கண்மாய்க் கரை உடைஞ்சா அந்த மொத்தத் தண்ணியும் கீழ்க் கண்மாய் மேல வந்து விழும், அதுவும் உடையும். ஒண்ணு விழுந்து அதோட பாரம் அடுத்தது மேல விழுந்து எல்லாமே படுக்குறதை சர்வர் பாத்துக்குறவங்க நல்லாவே அறிவாங்க :-)

ஒண்ணை மட்டும் இப்பவே சொல்லிடுறேன். தண்ணிக்கு நகல் கிடையாது. இந்தக் கண்மாய்த் தண்ணி அந்தக் கண்மாய்த் தண்ணியோட ஜெராக்ஸ் இல்லை. கோப்புக்கு நகல் எடுக்கலாம், பெரிய வித்தியாசம் அதுதான். ரெண்டாவது கேள்வி பிறக்குறதும் அந்த நகல்லதான். அதனால கண்மாயை ஓரளவுக்கு மேல இழுக்க மாட்டேன்.

முதல் விடை: ஒரே அணை

1984ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில உருவானது என்எஃப்எஸ். ஒரு மெஷின்ல இருக்குற கோப்பகத்தை நெட்வொர்க் வழியா மத்த மெஷின் எல்லாம் தன்னோட வட்டு மாதிரியே பாக்கலாம். அடுத்த வருஷம் வெளியில வந்துச்சு. 1989ல அதோட விதிமுறைகளைப் பொது ஆவணமா வெளியிட்டாங்க. யார் வேணும்னாலும் எழுதிக்கலாம்னு ஆனதால உலகம் பூரா பரவிடுச்சு.

முதல் கேள்விக்கு இதுல விடை ரொம்பச் சுலபம். பொருள் எல்லாம் ஒரே இடத்துல இருக்கு, அந்த சர்வரைக் கேளு. வலை வழங்கி ரெண்டு இருந்தாலும் இருபது இருந்தாலும் பின்னாடி ஒரு என்எஃப்எஸ். 2000கள்ல கூட்டம் சேர்ந்த தளங்கள் நிறைய இந்த வழியிலதான் ஓடுச்சு. இன்னைக்கும் சின்ன அளவுக்கு இது மோசமில்லை.

சிக்கல் என்னன்னா அந்த ஒத்தை அணை. முன்னாடி எத்தனை வலை வழங்கி நிறுத்தினாலும் பின்னாடி இருக்குற ஒண்ணு படுத்தா எல்லாம் படுக்கும். இதுக்குத்தான் டிஆர்பிடின்னு ஒண்ணு வந்துச்சு. ஒரு வட்டுல எழுதுற ஒவ்வொரு துண்டையும் நெட்வொர்க் வழியா இன்னொரு மெஷின் வட்டுலயும் எழுதும். மூத்தது போனா இளையது எழுந்து நிக்கும். 2010ல லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே சேர்ந்தது. அணை உடைஞ்சா மாத்து அணை ரெடி, சரி. ஆனா ஒரு நேரத்துல தண்ணி விடுறது ஒரே அணைதான். பாரம் பிரியல.

இதே காலத்துல, 1980கள்ல, அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து ஆண்ட்ரூன்னு ஒரு திட்டம் நடத்தினாங்க. அதுல பிறந்தது ஏஎஃப்எஸ். அதை வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவர் மகாதேவ் சத்யநாராயணன், நம்ம சென்னை ஐஐடியில படிச்சவர். அந்தக் குழுவுக்கு ஏசிஎம் அமைப்போட 2016க்கான மென்பொருள் விருது கிடைச்சது.

ஏஎஃப்எஸ்ஸோட யோசனை அழகு. கோப்பை ஒரு தடவை வாங்கினா முழுசா உன் வட்டுலயே வச்சுக்கோ. "யாராவது மாத்தினா நானே கூப்பிட்டுச் சொல்றேன்"னு சர்வர் வாக்குக் கொடுக்கும். அந்த அழைப்பு வராத வரைக்கும் திரும்பத் திரும்ப சர்வரைப் போய்க் கேக்க வேண்டாம். என்எஃப்எஸ்ஸோ "மாறிடுச்சா, மாறிடுச்சா"ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கும். படிக்கிறவங்க லட்சம் பேர், எழுதுறவங்க நாலு பேர்ங்கிற வலைத்தளத்துக்கு ஏஎஃப்எஸ் வழி எவ்வளவு பொருத்தம்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது விடை: குளம் பல, கணக்குப்பிள்ளை ஒருத்தர்

கூட்டம் பெருசானதும் ஒரே அணை போதாதுன்னு ஆச்சு. பொருளைப் பல மெஷின்ல பிரிச்சு வை, ஆனா எது எங்க இருக்குங்கிற பேரேட்டை ஒருத்தர் வச்சுக்கட்டும்னு அடுத்த தலைமுறை வந்துச்சு.

1999ல பீட்டர் பிராம் தொடங்கின லஸ்டர் அந்த வகை. சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காக வளர்ந்தது. 2003ல சஞ்சய் கெமாவத், ஹோவர்ட் கோபியோஃப், ஷுன்-டாக் லியுங் மூணு பேரும் கூகிள் கோப்பு முறைமை பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. ஒவ்வொரு கோப்பையும் 64 மெகாபைட் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமா மூணு நகல், பேரேட்டுக்கு ஒரே ஒரு மாஸ்டர். இந்தக் கட்டுரையைப் பாத்துத்தான் பிற்பாடு ஹடூப்போட கோப்பு முறைமை பிறந்துச்சு. ஆனா இது பெரிய பெரிய கோப்புக்கு. நாம போடுற 40 கிலோபைட் படத்துக்கு 64 மெகாபைட் துண்டு, சுண்டைக்காய் வைக்கக் குதிர் கட்டுற மாதிரி.

நம்ம மாதிரி பதிவு எழுதுறவங்களுக்காகவே பிறந்த ஒண்ணும் உண்டு. 1999ல பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆரம்பிச்ச லைவ்ஜர்னல் தளத்துல கூட்டம் தாங்க முடியாமப் போய், அவங்களே தனக்கு வேண்டிய கருவிகளை எல்லாம் எழுதிக்கிட்டாங்க. இன்னைக்கு உலகம் பூரா ஓடுற மெம்கேஷ்டு 2003ல அங்க பிறந்ததுதான். படங்களை வைக்க மொகைல்எஃப்எஸ்னு ஒண்ணு எழுதினாங்க. "ஓஎம்ஜி ஃபைல்ஸ்"ங்கிற எழுத்துக்களைக் கலைச்சுப் போட்டா அந்தப் பேரு வரும், குசும்பு :-) இதுல கணக்குப்பிள்ளை ஒரு தரவுத்தளம். கோப்பெல்லாம் பல சாதா மெஷின்ல நகலா இருக்கும். இதை வட்டு மாதிரி மாட்டிப் பாக்க முடியாது. "இந்தப் படம் எங்க?"ன்னு நம்ம நிரல் கேக்கணும், அது முகவரி சொல்லும். அந்தச் சின்ன அசௌகரியத்தை ஏத்துக்கிட்டதுனால வேலை ரொம்ப எளிதாச்சு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

இந்த வகையோட பலவீனம் என்னன்னு நானே சொல்ல வேண்டாம். கணக்குப்பிள்ளை காய்ச்சல்ல படுத்தா கிட்டங்கி நிறையப் பொருள் இருந்தும் ஒண்ணும் எடுக்க முடியாது.

மூணாவது விடை: பேரேடே வேண்டாம்

இங்கதான் நம்மாளு ஒருத்தர் வர்றார்.

2004 ஜூன்ல வெளியான உலக சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியல்ல ரெண்டாவது இடம் பிடிச்சது தண்டர்ங்கிற கணினி. அமெரிக்காவுல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துல 4,096 இட்டானியம் பிராசசர்களைக் கோத்துக் கட்டினது. அதைக் கட்டின கலிஃபோர்னியா டிஜிட்டல் கம்பெனியோட தொழில்நுட்பத் தலைவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல கணினிப் பொறியியல் படிச்சவர், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர். அவரும் ஹிதேஷ் செல்லானியும் சேர்ந்து 2005ல தொடங்கினது குளஸ்டர். குனுவும் கிளஸ்டரும் சேர்ந்த பேரு. நிரல் எழுதுற வேலையில பெரும்பங்கு பெங்களூருல நடந்துச்சு.

குளஸ்டர்எஃப்எஸ்ஸோட மைய யோசனை: பேரேடு வேண்டாம், கணக்குப் போட்டுக்கலாம்.

ரேஷன் கடை வரிசையை நினைச்சுக்குங்க. "1லேர்ந்து 300 வரைக்கும் கார்டு நம்பர் இருக்குறவங்க இந்த வரிசை, 301லேர்ந்து 600 அந்த வரிசை"ன்னு எழுதிப் போட்டுட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டாம். கையில இருக்குற நம்பரைப் பாத்தாலே வரிசை தெரிஞ்சுடும். குளஸ்டர் கோப்போட பேரை ஒரு சூத்திரத்துல போட்டு ஒரு எண் எடுக்கும். அந்த எண் எந்த மெஷினோட வரம்புல வருதோ கோப்பு அங்க. கணக்குப்பிள்ளைக்கு வேலையே இல்லை, அவர் காய்ச்சல்ல படுக்குற பிரச்சினையும் இல்லை.

இன்னொரு நல்ல விஷயம், குளஸ்டர்ல துண்டு போடாம வச்சா கோப்பு கோப்பாவே இருக்கும். எல்லாம் படுத்துப் போன நாள்லயும் ஒரு மெஷினைத் திறந்து பாத்தா வட்டுல உங்க படம் சாதாரண படமாவே கிடக்கும். நட்ட நடு ராத்திரியில இதோட அருமை தெரியும்.

அப்படின்னா எல்லாம் சுபமா? இல்லைங்க. ரேஷன் கடையிலயே சிக்கலும் இருக்கு. ஒருத்தரோட நம்பர் மாறிடுச்சுன்னா? கோப்புக்குப் பேரு மாத்தினா சூத்திரம் வேற மெஷினைக் காட்டும், பொருளோ பழைய இடத்துல கிடக்கும். அதுக்காகப் புது இடத்துல "பொருள் அங்க இருக்கு, போய் வாங்கிக்கோ"ன்னு ஒரு சீட்டு வைக்கும். புதுசா ஒரு மெஷின் சேத்தா வரம்பெல்லாம் மாறும், பொருளை இடம் மாத்தி அடுக்கணும். பெரிய கிட்டங்கியில அது நாள் கணக்குல ஓடும்.

வலைத்தளத்துக்குன்னே தனியா ஒரு தலைவலியும் உண்டு. பிஎச்பியில எழுதின தளம் ஒரு பக்கத்தைக் காட்ட நூத்துக்கணக்கான சின்னச் சின்ன நிரல் கோப்புகளைத் தொடும். தொடுறதுக்கு முன்னாடி "இருக்கியா? மாறிட்டியா?"ன்னு கேக்கும். சொந்த வட்டுல இந்தக் கேள்வி நொடியில லட்சத்துல ஒரு பங்குகூட எடுக்காது. நெட்வொர்க் தாண்டிப் போனா? ஒரு கேள்விக்கு 1 மில்லிசெகண்ட்னு வச்சுக்கிட்டாலும் 300 கோப்புக்கு கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு நொடி. ஒவ்வொரு பக்கத்துக்கும்! அதைவிட மோசம், இல்லாத கோப்பைக் கேக்குறது. நம்பர் வரிசையில இல்லைன்னா, ஒருவேளை வேற வரிசையில நிக்கிறாரோன்னு எல்லா வரிசையிலயும் போய் விசாரிக்கும் பாருங்க, அந்த மாதிரி. பிற்பாடு வந்த பதிப்புகள்ல இதைத் தவிர்க்க வழி வந்துச்சு. ஆனா "குளஸ்டர் மேல பிஎச்பி ஆமை வேகம்"ங்கிற பேரு அதுக்குள்ள நிலைச்சுப் போச்சு.

அடுத்தது செஃப். சேஜ் வெயில்னு ஒருத்தர், டிரீம்ஹோஸ்ட்ங்கிற வலை வழங்கிக் கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், சாண்டா குரூஸ்ல முனைவர் பட்டத்துக்காகச் செஞ்ச ஆராய்ச்சி. 2006ல கட்டுரை வந்துச்சு. இதுலயும் இடத்தைக் கண்டுபிடிக்கக் கணக்குதான். ஆனா எந்த மெஷின் உயிரோட இருக்கு, எது போச்சுன்னு ஒரு வரைபடத்தைக் கண்காணிகள் பெரும்பான்மை ஓட்டுப்படி காப்பாத்தும். ஒரு வட்டு போனா நகலைத் தானா வேற இடத்துல எடுத்து வைக்கும். கோப்பகம் மாதிரி பாக்குற வசதிக்கு மட்டும் தனியா ஒரு மெட்டாடேட்டா சர்வர் வேணும். அந்தப் பகுதி உற்பத்திக்குத் தயார்னு அறிவிக்கப்பட்டது 2016லதான். ரொம்ப வலுவான சாமான், ஆனா ரெண்டு மெஷின் வச்சிருக்குறவங்க வீட்டுக்கு யானை கட்டுற கதை.

ரெண்டாவது கேள்வி: யாரை நம்புறது?

நகல் வச்சாச்சு. ரெண்டு மெஷின், ரெண்டுலயும் ஒரே கோப்பு. நடுவுல கேபிள் போச்சு. ரெண்டு மெஷினும் உயிரோடதான் இருக்கு, ஆனா ஒண்ணுக்கு மத்தது செத்துப் போன மாதிரி தெரியும். ரெண்டும் "இனி நான்தான்"னு எழுத ஆரம்பிச்சுடும். ஒரு மணி நேரம் கழிச்சு கேபிள் சரியாச்சு. இப்ப ஒரே கோப்புக்கு ரெண்டு உண்மை. இதுக்குப் பேரு பிளவு மூளை.

இதை முதல்லயே நேருக்கு நேர் பாத்தவங்கள்ல நம்ம சத்யநாராயணனும் ஒருத்தர். 1987ல அவர் தொடங்கின கோடா திட்டம், நெட்வொர்க் அறுந்தாலும் வேலை நடக்கணும், திரும்ப ஒட்டும்போது முரண்பாட்டைக் கண்டுபிடிச்சுச் சொல்லணும்னு கட்டினது. 2000ல எரிக் ப்ரூவர் இதையே ஒரு கருத்தா வச்சார்: நெட்வொர்க் பிளக்கும்போது ஒத்த கணக்கு வேணுமா, கடை திறந்திருக்கணுமா, ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும். 2002ல கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் அதை நிரூபிச்சாங்க.

நடைமுறையில என்ன பண்றாங்க? ஒரு வட்டையே பல மெஷின் பகிர்ந்துக்குற ஓசிஎஃப்எஸ்2, ஜிஎஃப்எஸ்2 வகையில (ரெண்டும் 2006ல லினக்ஸ் கெர்னலுக்குள்ள வந்தவை) சந்தேகம் வந்தா எதிராளியோட மின்சாரத்தையே பிடுங்கிடுவாங்க. அந்த முறைக்கு ஆங்கிலத்துல இருக்குற பேரு, தமிழ்ல சொன்னா "அடுத்தவன் தலையிலேயே சுடு"! குளஸ்டர் அவ்வளவு முரடு இல்லை. எது உண்மைன்னு தெரியாத கோப்பை யாருக்கும் தர மாட்டேன்னு பிழை காட்டிட்டு உக்காந்துடும். மனுஷன் வந்து தீர்ப்பு சொல்லணும்.

கிராமத்துல வரப்புத் தகராறுன்னா ரெண்டு பேர் மட்டும் பேசினா தீருமா? மூணாவது ஆள் ஒருத்தர் சாட்சிக்கு வேணும். கணினிக்கும் அதே விடைதான். மூணு மெஷின் வை, ரெண்டு பேர் சொல்றது செல்லும். மூணாவதுக்கும் முழு வட்டு வாங்கக் காசு இல்லைன்னா? 2015ல குளஸ்டர் 3.7ல நடுவர்னு ஒரு வசதி வந்துச்சு. அந்த மூணாவது மெஷின் கோப்போட பேரையும் விவரத்தையும் மட்டும் வச்சுக்கும், உள்ளடக்கம் வச்சுக்காது. சாட்சி சொல்லப் பொருள் கையில இருக்கணும்னு அவசியமில்லையே!

நாலாவதா ஒரு விடை: கோப்பகமே வேண்டாம்

2006 மார்ச்ல அமேசான் எஸ்3 சேவையைத் திறந்துச்சு. அதுல மடிப்பு மடிப்பா கோப்பகம் இல்லை, வட்டு மாதிரி மாட்டுறது இல்லை. ஒரு பேரு கொடு, பொருளைக் கொடு. பேரு சொன்னா பொருள் திரும்பக் கிடைக்கும். மொகைல்எஃப்எஸ் ஏத்துக்கிட்ட அதே அசௌகரியம்.

ஃபேஸ்புக் 2010ல ஹேஸ்டாக் பத்திக் கட்டுரை வெளியிட்டப்ப அவங்ககிட்ட 26,000 கோடி படக் கோப்புகள் இருந்துச்சு, 20 பெட்டாபைட். அதுக்கு முன்னாடி என்எஃப்எஸ் வழியாத்தான் பரிமாறினாங்க. ஒரு கோப்பகத்துல ஆயிரக்கணக்குல கோப்பு இருந்தப்ப, ஒரு படத்தை எடுக்க வட்டை 10 தடவைக்கு மேல தொட வேண்டியிருந்துச்சு. கோப்பகத்தைச் சின்னதாக்கினதுக்கு அப்புறமும் 3 தடவை. அதுல பெரும்பாதி படத்தைப் படிக்க இல்லை, படம் எங்க இருக்குன்னு தேட! ஹேஸ்டாக் பல படங்களை ஒரே பெரிய கோப்புல வரிசையா அடுக்கி, இடக்குறிப்பை எல்லாம் நினைவகத்துலயே வச்சுடுச்சு.

இதுலேர்ந்து தெரியுற விஷயம்: ஏத்தின படத்தை யாரும் திருத்துறது இல்லை. ஒரு தடவை எழுதுறோம், ஆயிரம் தடவை படிக்கிறோம், எப்பவாவது அழிக்கிறோம். அதுக்குப் போய் பூட்டு, கோப்பகம், உரிமைன்னு முழுக் கோப்பு முறைமையோட சுமையைச் சுமக்கணுமா?

மூணாவது கேள்வி: யார் தூர் வாருவாங்க?

திரும்பக் கண்மாய்க்கு வர்றேன். இங்க அது நல்லாவே பொருந்தும்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை எல்லாம் அந்தக் காலத்துல ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்த பகுதி. கண்மாயில வண்டல் சேரும், வருஷா வருஷம் ஊர் கூடித் தூர் வாரணும், கரைக்கு மண் போடணும். குடிமராமத்துன்னு பேரு. 1858ல சென்னை மாகாணத்துல இதைக் கட்டாயமாக்கிச் சட்டமே வந்துச்சு. வழக்கமா நடந்ததைச் சட்டம் போட்டு நடத்த வேண்டி வந்ததுன்னாலே வழக்கம் தளர ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். 1948ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. கண்மாய்கள் அரசாங்கத்துக்கு வந்தது. 40 ஹெக்டேருக்கு மேல பாசனம்னா பொதுப்பணித்துறை, அதுக்குக் கீழன்னா ஊராட்சி ஒன்றியம். காகிதத்துல எல்லாம் சரி. ஆனா ஒரே சங்கிலியில மேல் கண்மாய் ஒரு ஆபீஸ், கீழ்க் கண்மாய் இன்னொரு ஆபீஸ். ஊர்க்காரன் "அது அரசாங்கத்து வேலை"ன்னு ஒதுங்கிட்டான். வரத்துக்கால் தூர்ந்துச்சு, உள்வாய்ல சீமைக்கருவேலம் காடா வளர்ந்துச்சு. 2017ல தமிழக அரசு குடிமராமத்துங்கிற அதே பேர்லயே ஒரு திட்டத்தைத் திரும்பத் தொடங்க வேண்டி வந்துச்சு. கண்மாய் கட்டின விதத்துல பிழையே இல்லை. பாத்துக்கிற கை மாறினதுதான் பிழை.

இப்ப மென்பொருளுக்கு வாங்க. 2011 அக்டோபர்ல ரெட் ஹேட் கம்பெனி குளஸ்டரை 13.6 கோடி டாலருக்கு வாங்குச்சு. நம்மாளு கட்டினதுக்கு இவ்வளவு மதிப்பான்னு பெருமைதான். 2014ல அதே ரெட் ஹேட், செஃப்புக்குப் பின்னாடி இருந்த இங்க்டேங்க் கம்பெனியையும் 17.5 கோடி டாலருக்கு வாங்குச்சு. ஒரே வீட்டுல ரெண்டு பிள்ளை. போகப்போக கவனம் செஃப் பக்கம் சாஞ்சுச்சு. ரெட் ஹேட் வித்துக்கிட்டிருந்த குளஸ்டர் பதிப்புக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு. நிரல் கட்டற்ற உரிமத்துல இருக்குறதால யாரும் அழிச்சுட முடியாது. ஆனா சம்பளம் வாங்கிக்கிட்டுத் தூர் வாரின கைகள் குறைஞ்சு போச்சு.

ஆனந்த் பாபு பெரியசாமி அதுக்கு முன்னாடியே, 2014ல, மினியோன்னு அடுத்ததை ஆரம்பிச்சிருந்தார். இந்தத் தடவை கோப்பு முறைமை இல்லை, எஸ்3 மாதிரி பொருள் கிட்டங்கி. குளஸ்டர் கட்டினவரே நாலாவது விடைக்குப் போனதை ஒரு குறிப்பா எடுத்துக்கலாம். மினியோவும் 2021ல உரிமத்தை அப்பாச்சிலேர்ந்து ஏஜிபிஎல்லுக்கு மாத்துச்சு. 2025ல இலவசப் பதிப்போட வலைத்திரையிலேர்ந்து நிர்வாக வசதிகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுச்சு. அதையே நம்பியிருந்தவங்க மறுபடி தேட ஆரம்பிச்சாங்க.

இதெல்லாம் பெரிய கம்பெனிக் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. 2009 அக்டோபர்ல யாகூ ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை பேரோட பழைய பக்கங்கள் போச்சு! 2017ல ஃபோட்டோபக்கெட் வெளித்தளங்கள்ல படம் காட்டுறதுக்குக் காசு கேட்டப்ப உலகம் பூரா பதிவுகள்ல படம் இருந்த இடத்துல வெறும் அறிவிப்புப் பலகைதான் தொங்குச்சு. அங்க எல்லாம் வட்டு உடையல. பாத்துக்க ஆள் வேண்டாம்னு முடிவு பண்ணாங்க, அவ்வளவுதான்.

அப்ப எதைத்தான் எடுக்குறது?

இத்தனை கதைக்கு அப்புறம் நான் வந்து சேர்ந்த இடம் இது.

நிரல் கோப்புகளைப் பொதுக் கிட்டங்கியில வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு வலை வழங்கியோட சொந்த வட்டுலயும் ஒரு நகல், புதுப் பதிப்பு வந்தா எல்லாத்துக்கும் தள்ளிவிடு. குளஸ்டர் மேல பிஎச்பி ஆமைன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேருக்கு இதுலயே பிரச்சினை தீர்ந்திருக்கும்.

உள்நுழைவுக் கணக்கு மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுறது கோப்பா இருக்கவே கூடாது. அதை மெம்கேஷ்டு, ரெடிஸ் பாத்துக்கும்.

வாசகர் ஏத்துற படம், ஒலி, பிடிஎஃப் எல்லாம் எஸ்3 வகைப் பொருள் கிட்டங்கிக்கு. எஸ்3 பேசுற பாஷையைப் பல மென்பொருள் பேசும், செஃப்பும் பேசும். ஒரு கை விட்டாலும் இன்னொரு கைக்கு மாத்திக்கலாம். என் கணக்குல இதுதான் இதோட பெரிய பலம், வேகம் இல்லை.

பழைய நிரல், மாத்தி எழுத முடியாது, வட்டு மாதிரி மாட்டினாத்தான் ஓடும்னா? கூட்டம் சுமார்னா மாத்து மெஷினோட ஒரு என்எஃப்எஸ். ஒரு மெஷின் தாங்காதுன்னா நடுவரோட மூணு மெஷின் குளஸ்டர், ஆனா அதைப் புரிஞ்சு பாத்துக்க உங்க கூட்டத்துலயே ஆள் இருக்கணும். பத்து இருபது மெஷினும், அதுக்கின்னே ரெண்டு ஆளும் இருந்தா செஃப்.

எதை எடுத்தாலும் சரி, திறப்பு விழாவுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மெஷினோட வயரைப் பிடுங்கிப் பாருங்க. கண்மாய்க் கரையில ஓட்டை எங்கன்னு மழைக்கு முன்னாடி, ஆவணியிலயே சுத்திப் பாத்துடணும். ஐப்பசியில பாக்குறது வேடிக்கை பாக்குறதுதான்.

உங்க பதிவுல இருக்குற படங்களோட ஒரு நகல் உங்க வீட்டு வட்டுல இருக்கான்னும் இன்னைக்கு ஒரு தடவை பாத்துடுங்க.

டிஸ்கி: கண்மாய் உதாரணத்தை அளவுக்கு மேல இழுத்துட்டேன்னு யாராவது சண்டைக்கு வந்தா, தண்ணிக்கு நகல் கிடையாதுன்னு நான் முன்னாடியே சொல்லிட்டேன். ஆள விடுங்க சாமி :-)